சுரிமோனோ: விற்பனைக்கு வராத ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுரிமோனோ என்பது என்ன?

'அச்சிடப்பட்ட பொருள்' என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள். ஜப்பானின் எடோ காலத்தில், குறிப்பாக 1790களிலிருந்து 1830கள் வரை, கவிதைக் குழுக்களும் இசை ஆசிரியர்களும் நாடக நடிகர்களும் தம் கைப்பொருளைச் செலவிட்டுச் செய்வித்து, நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் புரவலர்களுக்கும் அன்பளிப்பாக வழங்கிய மரக்கட்டை அச்சுப் படங்கள் இப்பெயரால் அழைக்கப்படுகின்றன. பெரும்பாலானவற்றில் படத்துடன் கவிதைகளும் இருக்கும். கவிதை படத்துக்கு எழுதப்பட்ட விளக்கம் அன்று; படம் கவிதைக்கு வரையப்பட்ட அலங்காரமும் அன்று. ஒன்று சொல்லாமல் விட்டதை மற்றொன்று சொல்லும்படி இரண்டும் சேர்த்தே திட்டமிடப்பட்டன. ஆகையால் சுரிமோனோவைப் படமாக மட்டும் பார்ப்பவர் அதில் பாதியைத்தான் பார்க்கிறார் என்பதே இப்பக்கத்தில் வலியுறுத்தப்படும் கருத்து.

கடைகளில் விற்கப்பட்ட அச்சுப் படங்களிலிருந்து இவை எவ்வாறு வேறுபடுகின்றன?

இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரத்துக் கடைகளில் விற்ற, உகியோ-எ எனப்படும் மரக்கட்டை அச்சுப் படங்கள் பதிப்பாளரின் முதலீட்டில் உருவானவை. எத்தனை நிறம் சேர்க்கலாம், எந்த நடிகரை வரைந்தால் விற்கும், தாளுக்கு எவ்வளவு செலவிடலாம் என்பவற்றையெல்லாம் வரவுசெலவுக் கணக்கே தீர்மானித்தது. 1790களின் தொடக்கத்திலிருந்து அவற்றுக்குத் தணிக்கை முத்திரையும் கட்டாயமாயிற்று. சுரிமோனோ சந்தைக்கு வரவில்லை என்பதால் அதில் பொதுவாகப் பதிப்பாளர் குறியும் இல்லை, தணிக்கை முத்திரையும் இல்லை. செலவைப் பகிர்ந்துகொண்டவர்கள் இலாபம் கருதாதவர்கள். எனவே தடித்த உயர்தரத் தாளையும் உலோகப் பொடிகளையும் மிகச் சிறந்த செதுக்குநரையும் அவர்களால் கேட்டுப் பெற முடிந்தது. கடைப் படத்தின் வழக்கமான அளவு ஏறத்தாழ 39 × 26 சென்டிமீட்டர். சுரிமோனோவுக்கு 1800களின் தொடக்கத்திலிருந்து நிலைபெற்ற சதுர வடிவமோ ஏறத்தாழ 21 × 18 சென்டிமீட்டர்தான். இது சுவரில் மாட்டுவதற்கன்று, உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பதற்கு ஏற்ற அளவு.

இந்த வழக்கம் எங்கிருந்து தொடங்கியது?

நாட்காட்டியிலிருந்து தொடங்கியது எனலாம். அக்கால ஜப்பானில் சந்திர மாதக் கணக்கு நடைமுறையில் இருந்தது. முப்பது நாள் கொண்ட மாதங்கள் 'பெரியவை' என்றும் இருபத்தொன்பது நாள் கொண்டவை 'சிறியவை' என்றும் அழைக்கப்பட்டன. எந்த மாதம் பெரியது, எது சிறியது என்ற வரிசை ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில ஆண்டுகளில் அதிக மாதமும் சேரும். கடன் தீர்ப்பதும் வாடகை செலுத்துவதும் மாத இறுதியில் என்றிருந்ததால், இந்த வரிசையை அறிந்திருப்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையாக இருந்தது. ஆனால் நாட்காட்டி அச்சிட்டு விற்கும் உரிமை அனுமதி பெற்ற சிலருக்கே உண்டு. ஆகவே மாத எண்களை ஆடையின் பூவேலையிலும் இடைக்கச்சையின் கோடுகளிலும் ஒளித்து வைத்து, நண்பர்களிடையே படமாகப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் தோன்றியது. இவற்றுக்கு எகொயோமி, அதாவது படநாட்காட்டி என்று பெயர்.

1765ஆம் ஆண்டுப் புத்தாண்டுக்கு, கியோசென் என்ற புனைபெயர் கொண்ட ஒக்குபோ தடநோபு போன்ற சாமுராய்களைச் சுற்றியிருந்த குழுக்கள் இத்தகைய படங்களைப் போட்டி போட்டுச் செய்வித்தன. அவர்களுக்காக வரைந்தவர்களுள் தலையானவர் சுசுகி ஹருனோபு. திடீர் மழையில் நனையும் துணியை எடுக்க ஓடும் இளம்பெண், ஓட்டத்தில் காலை விட்டு நழுவும் ஒரு மரச்செருப்பு, கொடியில் காற்றில் பறக்கும் ஆடை என்று அவர் வரைந்த படம் ஒன்று உண்டு. அந்த ஆடையின் வேலைப்பாட்டை உற்றுப் பார்த்தால் 2, 3, 5, 6, 8, 10 என்ற பெரிய மாதங்களின் எண்களும் ஆண்டின் பெயரும் தெரியும். இந்தத் தனிப்பட்ட போட்டியில்தான் பல கட்டைகளைத் துல்லியமாகப் பொருத்தி முழு நிறப் படம் அச்சிடும் முறை முதிர்ச்சி பெற்றது. பதிப்பாளர்கள் அதைக் கண்டு, அதே கட்டைகளிலிருந்து எண்களை நீக்கி, கடையில் விற்கத் தொடங்கினார்கள். உலகம் இன்று போற்றும் ஜப்பானிய வண்ண அச்சு வணிகத்தால் பிறந்ததன்று; சில நண்பர்களின் புத்தாண்டு வாழ்த்திலிருந்து பிறந்தது.

இவற்றைச் செய்வித்தவர்கள் யார்?

பெரும்பங்கு கியோகா என்னும் கவிதை வகையைப் பயின்ற குழுக்களுடையது. கீழ்நிலை சாமுராய், அரிசி வணிகர், விடுதிக்காரர், கைவினைஞர் ஆகியோர் ஒரே குழுவில் அமர்ந்து எழுதினர். பெண் கவிஞர்களின் பாடல்களும் சுரிமோனோக்களில் இடம்பெற்றுள்ளன. பிறப்பால் வகுக்கப்பட்ட படிநிலைகள் இறுகியிருந்த ஒரு சமூகத்தில் இது சிறிய செய்தியன்று. உறுப்பினர் ஒவ்வொருவரும் நகைச்சுவைப் புனைபெயர் ஒன்றைச் சூடிக்கொண்டார். விடுதி நடத்திய அறிஞர் இஷிகாவா மசமோச்சி 'விடுதியில் சோறு பரிமாறுபவர்' என்று பொருள்படும் யதோயா நோ மெஷிமோரி ஆனார். 'பளபளக்கும் தலை' என்று பொருள்படும் ட்சுபுரி நோ ஹிகாரு என்பது இன்னொருவரின் பெயர். 'மேடைப் பாதையில் பேசும் வசனம்' என்பது ஐந்தாம் இச்சிகாவா தஞ்ஜூரோ என்ற பெருநடிகர் வைத்துக்கொண்ட பெயர். சாமுராயின் குலப்பெயரையும் வணிகரின் கடைப்பெயரையும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வர இப்பெயர்கள் உதவின.

நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அலுவலராக இருந்த ஓத்தா நன்போ தொடக்ககாலத் தலைவர்களுள் முதன்மையானவர். அவருடைய 'யோமோ' என்ற கவிப்பெயரைப் பின்னர் ஷிகாட்சுபே மகாவோ ஏற்றுக்கொண்டு நடத்திய யோமோ குழு, ஏராளமான சுரிமோனோக்களைச் செய்வித்தது. குழுக்களுக்குத் தனிச் சின்னங்கள் இருந்தன. படத்தின் ஓரத்தில் சிறிதாக அச்சான அச்சின்னத்தைக் கொண்டே எந்தக் குழுவினர் செலவழித்தனர் என்பதை இன்றும் அறிய முடிகிறது. உறுப்பினர்கள் கட்டணம் செலுத்திக் கவிதை அளித்தனர். நடுவர் தேர்ந்தெடுத்தவை தாளில் ஏறின. குழுத்தலைவரின் கவிதைக்குப் பொதுவாக இறுதியிடம், அதுவே மதிப்புக்குரிய இடம்.

கியோகா எத்தகைய கவிதை?

செவ்வியல் மரபின் வாக்கா கவிதையைப் போலவே 5, 7, 5, 7, 7 என ஐந்து அடிகளில் முப்பத்தொரு அசைகள் கொண்டது. வடிவம் பழையது, பொருளும் சொல்லும் அன்றாடத் தெருவிலிருந்து வந்தவை. அரண்மனைக் கவிஞர்கள் பனியையும் நிலவையும் பாடிய அதே அளவுக்குள் கடன் பாக்கியும் சோற்றுப் பானையும் நுழைந்தன. சிலேடைதான் இதன் உயிர். ஜப்பானிய மொழியில் ஒரே ஒலி பல பொருள் தரும் வாய்ப்பு மிகுதி. ஒரு சொல் முன்னடியோடு சேர்ந்தால் ஒரு பொருளும் பின்னடியோடு சேர்ந்தால் வேறொரு பொருளும் தருமாறு அமைத்தார்கள். சுரிமோனோ படங்கள் ஏன் புதிராகத் தோன்றுகின்றன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஓவியர் வரைந்தது கவிதையின் வெளிப்பொருளை மட்டுமன்று, அதன் சிலேடையையும்தான்.

என்னென்ன பொருள்கள் வரையப்பட்டன?

மிகுதியானவை புத்தாண்டைச் சார்ந்தவை. பழைய கணக்குப்படி புத்தாண்டு ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையில் வந்தது. அன்றே இளவேனிலும் தொடங்கியதாகக் கொள்ளப்பட்டது. மார்கழிக் குளிரையொத்த பருவத்தில் வாழ்த்துப் படங்களில் பூக்கள் எப்படி வந்தன என்று வியப்பவர்களுக்கு இதுவே விளக்கம். உமே எனப்படும் ஜப்பானிய பிளம் மரம் மலரும் காலம் அது. அம்மலரும், உகுயிசு என்ற பாடும் பறவையும், முதல் கதிரவனும், வாசலில் நட்ட பைன் கிளையும், ஆண்டின் முதல் நாளில் இறைத்த நீரும் திரும்பத் திரும்ப வருகின்றன. புத்தாண்டின் முதல் கனவில் ஃபுஜி மலை, பருந்து, கத்தரிக்காய் ஆகிய மூன்றும் வந்தால் நற்பேறு என்பது நம்பிக்கை. இம்மூன்றையும் ஒரே படத்தில் எவ்விதம் பொருத்தமாகச் சேர்ப்பது என்பதில் ஓவியர்கள் தம் திறனைக் காட்டினர்.

அடுத்தது அந்தந்த ஆண்டுக்குரிய விலங்கு. பன்னிரண்டு விலங்குகள் ஒரு சுற்றாக வருவதால், நாள் குறிப்பிடாத படத்துக்கும் காலம் கணிக்க அது துணைபுரிகிறது. ஒரு படத்தில் குரங்கு முதன்மையாக இருந்தால் அது 1812, 1824, 1836 ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும். ஓவியர் அவ்வப்போது மாற்றிக்கொண்ட கையொப்பமும் கவிஞர்களின் பெயர்களும் அதை ஓர் ஆண்டுக்குச் சுருக்கித் தரும்.

இவை தவிர, 'கெஞ்சி கதை' போன்ற அரசவை இலக்கியக் காட்சிகள், சீனத்துப் பழங்கதை வீரர்கள், நோ என்னும் முகமூடி நாடகத்தின் வேடங்கள், புகழ்பெற்ற பெண் கவிஞர்கள் என்று விரிந்த உலகம் அது. சந்தையில் எளிதில் விலைபோகாத, படிப்பறிவு கோரும் பொருள்களை ஓவியர் துணிந்து வரைந்ததற்குக் காரணம், பார்ப்பவர்களும் கற்றவர்கள் என்ற உறுதிதான். யாஷிமா ககுதெய் சீனக் கதைமாந்தர்களை உலோகப் பளபளப்போடு அச்சிட வைத்த படங்களைப் பார்த்தால் அந்தத் துணிவின் அளவு விளங்கும்.

இந்தியத் தெய்வங்கள் இவற்றில் வருகின்றன என்பது உண்மையா?

உண்மை. புத்தாண்டுப் படங்களில் புதையல் கப்பலில் ஏறி வரும் நற்பேற்றுத் தெய்வங்கள் எழுவருள் மூவர் பௌத்தத்தின் வழியாகச் சீனம் கடந்து ஜப்பான் சென்றவர்கள். பென்சாய்தென் நம் சரஸ்வதி. வீணைக்குப் பதில் பிவா என்னும் நரம்புக் கருவியை மீட்டுகிறாள். தய்கொகுதென் மகாகாளனின் பெயரைத் தாங்கி, அங்கே அரிசி மூட்டைகளின்மேல் அமர்ந்த புன்சிரிப்புத் தெய்வமாகிவிட்டார். பிஷமொன்தென் வைசிரவணன், அதாவது குபேரன். பென்சாய்தெனின் தூதாகப் பாம்பு கருதப்பட்டதால் பாம்பு ஆண்டுகளில் அவளுக்குத் தனிச் சிறப்பு. ஓவியர் தோத்தோயா ஹொக்கெய் 1833ஆம் பாம்பு ஆண்டை ஒட்டி, அவளுடைய தலமான எனோஷிமா தீவுக்குச் செல்லும் பயணத்தை ஒரு தொடராகவே வரைந்தார். தோத்தோயா என்றால் மீன்கடை. ஹொக்கெய் முன்பு மீன் விற்றவர், பின்பு புகழ்பெற்ற ஓவியர் ஹொக்குசாயின் மாணவரானவர்.

மனிதரே இல்லாமல் வெறும் பொருள்களை வரைந்தது ஏன்?

கைப்பை, புகைக்குழாய், எழுதுபலகை, தேநீர்க் கலன், கட்டி வைத்த புத்தகங்கள், தட்டில் ஓர் இறால் என்று அமைதியாக அடுக்கி வைத்த பொருள்கள் சுரிமோனோவில் அடைந்த உயர்வை விற்பனைப் படங்களில் காண்பது அரிது. குபோ ஷுன்மனும் ரியூரியூக்யோ ஷின்சாயும் இதில் தேர்ந்தவர்கள். முதல் பார்வைக்கு வெறும் அலங்காரமாகத் தோன்றும் இப்பொருள்கள் ஒவ்வொன்றும் ஒரு சொல்லை ஏந்தி நிற்கின்றன. பெரிய இறாலின் பெயரைக் 'கடல் முதியவர்' என்ற எழுத்துகளால் எழுதுவர். அதன் வளைந்த முதுகு நீண்ட ஆயுளைக் குறிக்கும். தய்தய் என்ற நாரத்தை வகையின் பெயரே 'தலைமுறை தலைமுறையாக' என்றும் ஒலிக்கும். கொம்பு என்ற கடற்பாசி, 'மகிழ்தல்' என்று பொருள்படும் யொரொகொபு என்ற சொல்லை நினைவூட்டும். ஆகவே ஒரு தட்டில் இறாலும் நாரத்தையும் கடற்பாசியும் இருந்தால், அது வாய்விட்டுப் படிக்க வேண்டிய வாழ்த்து.

ஹொக்குசாயின் சுரிமோனோத் தொடர்கள் எவை?

ஃபுஜி மலைக் காட்சிகளால் உலகப் புகழ் பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஹொக்குசாய் சுரிமோனோவில் உச்சத்தைத் தொட்டுவிட்டார். யோமோ குழுவுக்காக 1821இல் அவர் வரைந்த முப்பத்தாறு படங்கள், கென்ரொகு காலத்து (1688–1704) முப்பத்தாறு கிளிஞ்சல் கவிதைத் தொகுப்பொன்றை அடிப்படையாகக் கொண்டவை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கிளிஞ்சலின் பெயர். ஆனால் படத்தில் இருப்பது பெரும்பாலும் கிளிஞ்சலன்று, அப்பெயர் நினைவுக்குக் கொண்டுவரும் வீட்டுப் பொருளோ ஊர்க்காட்சியோதான். மறு ஆண்டு, 1822, குதிரை ஆண்டு. அதே குழுவுக்கு அவர் 'குதிரைகள் அனைத்தும்' என்று பொருள்படும் உமாசுகுஷி தொடரை வரைந்தார். பெயர்தான் அப்படி, பல படங்களில் குதிரையைத் தேடினாலும் கிடைக்காது. தலைப்பில் எங்கோ 'உமா', 'கொமா' என்ற குதிரையைக் குறிக்கும் ஒலி ஒளிந்திருக்கும்; அவ்வளவுதான். விற்பனைக்கு வரைந்த ஒருவர் இந்த அளவுக்கு வாசகரை நம்பியிருக்க முடியுமா என்பது ஐயமே.

நடிகர்களும் இசைக் கலைஞர்களும் எதற்காகச் செய்வித்தனர்?

இசை நிகழ்ச்சியை அறிவிக்க, ஆசிரியரின் பெயரை மாணவர் ஏற்கும் நாளைக் கொண்டாட, ஓய்வு பெறுவதைத் தெரிவிக்க, மறைந்தவருக்கு நினைவஞ்சலி செலுத்த எனக் காரணங்கள் பல. இசை நிகழ்ச்சிகளுக்கு ஏறத்தாழ 39 × 53 சென்டிமீட்டர் கொண்ட முழுத்தாளைப் பயன்படுத்தினர். அதைக் குறுக்கே பாதியாக மடித்தால் ஒரு பக்கம் படமும் மறுபக்கம் நிகழ்ச்சி நிரலும் நேராக நிற்கும். விரித்தால் நிரல் தலைகீழாகத் தெரியும். பிற்காலத்தில் சேகரிப்பாளர்களும் வணிகர்களும் எழுத்துப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் படப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டனர். யார் பாடினார், எந்தக் கூடத்தில், எந்த நாளில் என்பதெல்லாம் அந்தப் பாதியோடு போயிற்று. அழகுக்காகச் செய்த இந்த வெட்டு ஈடு செய்ய முடியாத இழப்பு.

நடிகர்களுள் ஏழாம் இச்சிகாவா தஞ்ஜூரோவைப் போல அதிகம் வரையப்பட்டவர் எவருமில்லை எனலாம். ஒன்றனுள் ஒன்றாக அமைந்த மூன்று சதுர அளவைப் பெட்டிகள் அவருடைய குலச்சின்னம். அவர் உருவமே இல்லாத படத்திலும் துணியின் வேலைப்பாட்டில் அச்சின்னம் இருந்தால் போதும், படம் யாரைக் குறித்தது என்பது அவருடைய அன்பர்களுக்கு விளங்கிவிடும்.

தொழில்நுட்பத்தில் என்ன சிறப்பு?

ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து தருவார். செதுக்குநர் அதைக் காட்டுச் செர்ரி மரக் கட்டையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் குடைவார். நிறத்துக்கு ஒரு கட்டை எனத் தனித்தனியே வெட்டப்படும். ஒவ்வொரு கட்டையின் மூலையிலும் வெட்டிய கெந்தோ என்னும் அடையாளத்தில் தாளின் விளிம்பைப் பொருத்தினால் நிறங்கள் இம்மியும் விலகாமல் அமரும். அச்சிடுபவர் மூங்கில் மடலால் பொதிந்த பரென் என்ற வட்டத் தேய்ப்பானால் தாளின் பின்புறத்தைத் தேய்ப்பார். இதுவரை கடைப் படத்துக்கும் பொதுவே.

சுரிமோனோவின் தனித்தன்மை இதற்குப் பின் தொடங்குகிறது. தாள், முசுக்கொட்டை இனத்தைச் சேர்ந்த கோசோ நாரிலிருந்து செய்த ஹோஷோ. தடித்து, மென்மையாக, அழுத்தத்தை உள்வாங்கும் இயல்புடையது. அதில் மையே தடவாத கட்டையை அழுத்தி, கொக்கின் இறகையும் பனியையும் வெண்பட்டின் நெசவையும் மேடுபள்ளமாகவே பதித்தார்கள். இம்முறைக்குக் கரசூரி என்று பெயர். பித்தளைப் பொடி பொன்னுக்கும் வெள்ளீயப் பொடி வெள்ளிக்கும் ஈடாகி மின்னின. செம்புப் பொடியும் காக்காய்ப்பொன் எனப்படும் அப்பிரகமும் சேர்ந்தன. கறுப்பு அரக்குப் பெட்டியைக் காட்ட, அச்சான கறுப்பின் மேற்புறத்தைத் தேய்த்து மெருகேற்றினர். கவிதை வரிகளின் தூரிகை நெளிவைக் கத்தியால் செதுக்கியதுதான் எனக்கு இவையனைத்திலும் பெரிய வியப்பு; மயிரிழை போன்ற எழுத்து ஒரு தடவை தவறினால் கட்டையே வீண். ஷுன்மன் ஓவியராகவும் கவிஞராகவும் இருந்ததோடு, இவ்வேலைகளுக்கென்று தனிப் பட்டறையும் நடத்தினார்.

எத்தனை பிரதிகள் அச்சிடப்பட்டன?

குழுவின் அளவைப் பொறுத்து ஐம்பதிலிருந்து சில நூறு வரை என்பது பொதுவான மதிப்பீடு.

கியோத்தோவிலும் ஒசாக்காவிலும் இவ்வழக்கம் இருந்ததா?

இருந்தது. அங்கே ஹைக்காய் கவிஞர்கள் செய்வித்த பெரிய தாள்கள் மிகுதி. பல கவிஞர்களின் குறுங்கவிதைகள் தாளை நிறைக்க, ஓரத்தில் சில தூரிகைக் கோடுகளால் ஒரு மூங்கில் கிளையோ ஒரு பறவையோ இருக்கும். எடோவின் செறிவான பளபளப்புக்கு எதிர்முனை இது. கியோத்தோவில் தோன்றிய ஷிஜோ ஓவிய மரபைச் சார்ந்த இவ்வகை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தொடர்ந்தது. அரக்குக் கலைஞர் ஷிபதா ஸெஷின் அக்காலத்தின் சிறந்த பெயர்.

எடோவின் சுரிமோனோ ஏன் மங்கியது?

1830களின் பெரும்பஞ்சம் செல்வர்களின் கையையும் கட்டியது. அதைத் தொடர்ந்து 1841 முதல் 1843 வரை ஷோகுன் அரசு நடத்திய தென்போ சீர்திருத்தங்கள் ஆடம்பரத்தை ஒடுக்கின. 1842இல் நடிகர், கணிகையர் படங்கள் தடைசெய்யப்பட்டன. அதே ஆண்டில் ஆடம்பர வாழ்வின் பெயரால் ஏழாம் தஞ்ஜூரோ எடோவிலிருந்து வெளியேற்றப்பட்டார். மகாவோவும் மசமோச்சியும் ஏற்கெனவே மறைந்துவிட்டதால், குழுக்களை மீண்டும் கூட்டும் ஆற்றலுள்ளவர் இல்லை. 1873 ஜனவரி 1 முதல் ஜப்பான் சூரிய நாட்காட்டிக்கு மாறியபோது, பெரிய மாதம் சிறிய மாதம் என்ற புதிருக்கும் தேவையற்றுப் போயிற்று.

போலிப் பிரதிகள் உண்டா?

1890களில் மேலைநாட்டுச் சேகரிப்பாளர்களின் ஆர்வத்தைக் கண்டு, புதிய கட்டைகள் வெட்டி மறுபதிப்புகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. அவற்றின் செதுக்கல் மிக நன்று; அருங்காட்சியகங்களையும் அவை ஏமாற்றியதுண்டு. மூலப்படத்தோடு அருகருகே வைத்து எழுத்துக் கோடுகளை ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி.

இவற்றை எங்கே, எப்படிப் பார்க்கலாம்?

டப்ளினின் செஸ்டர் பீட்டி அருங்காட்சியகம், ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆகியவற்றில் சிறந்த தொகுப்புகள் உள்ளன. இவற்றுள் பலவும் இணையத்தில் பெரிய அளவில் காணக் கிடைக்கின்றன. ஜப்பானிய எழுத்து தெரியாதவரும் முதலில் தலைப்பையும் ஆண்டின் விலங்கையும் தேடிப் பிடித்து, கவிதையின் மொழிபெயர்ப்பு இருந்தால் அதைப் படித்துவிட்டுப் படத்துக்குத் திரும்புவது நல்லது. நேரில் பார்க்க வாய்த்தால், நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்று, விளக்கொளி தாளின்மேல் சாய்ந்து விழும் கோணத்தைக் கண்டுபிடியுங்கள். அதுவரை வெற்றிடமாகத் தெரிந்த வெள்ளையில் இறகுகளும் அலைகளும் அப்போதுதான் எழுந்து வரும்.